இரண்டு மஞ்சள் மாத்திரைகள்

திருநெல்வேலி குறுக்குத்துறைப் படித்துறைக்குக் காலையில் குளிக்க வருகிறவர்களுள், சட்டையைக் கழற்றாமலேயே ஆற்றில் இறங்குகிற ஒருவரோ இருவரோ எப்போதும் இருப்பர். குளிர் அவர்களுக்குக் காரணமன்று. முழங்கையிலும் முதுகிலும் சிவந்து தடித்து, வெள்ளிநிறச் செதில் உதிரும் படைகளை ஊரார் கண்ணிலிருந்து மறைப்பதற்காகவே அந்தச் சட்டை. பாபநாசத்திலிருந்து இறங்கிவரும் தாமிரபரணி யாரையும் விலக்குவதில்லை; பக்கத்தில் குளிப்பவர்தாம் இரண்டடி தள்ளிப் போகிறார். பல ஆண்டுகளுக்கு முன் அப்படிச் சட்டையோடு குளித்தவர்களுள் நானும் ஒருவன்.

சொரியாசிஸ் என்று மருத்துவமும் காளாஞ்சகப்படை என்று சித்த மருத்துவமும் குறிப்பிடும் இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் தோலையே பகையென்று கருதிவிடுவதால் வரும் அழற்சி இது. தோலின் மேலடுக்கு புதிதாகி உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகவேண்டும். இந்நோயில் அது சில நாள்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அளவான வெயில் பட்டால் படைகள் பெரும்பாலோருக்கு மங்கும். அதே வெயில் அளவு மீறித் தோலைக் கருக்கினால், கருகிய இடத்திலேயே புதிய படை எழும். நெல்லையின் வெயிலுக்கு அளவு என்ற ஒன்று தெரியாது என்பதை இங்கு வாழ்பவர் அறிவர்.

வெளிப்பூச்சுக்கு இந்தப் பகுதியில் குறைவில்லை. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைத்தெடுக்கும் தைலத்தைப் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிக்கு வந்து வாங்கிச் செல்வோர் பலர். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியில் உள்ள சோரலென் என்ற வேதிப்பொருள் தோலை ஒளிக்கு இணங்கச் செய்வது. சோரலென் வகை மருந்தை விழுங்கச் செய்து, பிறகு புறஊதாக் கதிர் காட்டும் சிகிச்சை 1970களில் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. எனினும் உலகெங்கும் கடுமையான சொரியாசிஸுக்கு மருத்துவர்கள் இன்றும் பெரிதும் நம்பும் பழைய மாத்திரை வேறொன்று. அதன் பெயர் மெதோட்ரெக்சேட்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை நான் விழுங்குகிறேன். வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டுமே. அதன் பக்கவிளைவைக் குறைப்பதற்காக வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரை. இரண்டும் சிறியவை, இரண்டும் மஞ்சள். ஒன்று உயிரணுக்களின் பெருக்கத்தைத் தடுக்கிறது. மற்றொன்று அப்பெருக்கத்துக்குத் தேவையான சத்து. ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரண்டும் ஒரே மனிதரின் தலைமையில் இயங்கிய ஒரே ஆய்வகத்தில் உருவாயின என்பதை நான் வெகுகாலம் அறியாதிருந்தேன். தோல்நோய்க்கு மருந்து தேடியவரல்லர் அவர். அவர் தேடியது வேறு. அதற்குக் காரணம் அவருடைய வீட்டிலேயே நேர்ந்த சாவுகள்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் கோதாவரிப் பகுதியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தாமிரபரணிக் கரையும் கோதாவரிக் கரையும் அப்போது ஒரே மாகாணத்தின் இரு முனைகள். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றி, உடல்நலக் குறைவால் முன்னதாகவே ஓய்வுபெற்றவர். வறுமை மிகுந்த வீடு. 13 வயதில் சிறுவன் வீட்டை விட்டுக் காசிக்குப் புறப்பட்டான். யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்பது அவன் திட்டம். தாய் வெங்கம்மா வழியிலேயே அவனைப் பிடித்துத் திருப்பி அழைத்துவந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பின்னாளில் உயிர்வேதியியலின் போக்கை மாற்றியவரின் பள்ளிப் படிப்பு இவ்வளவுதான்.

மாநிலக் கல்லூரியில் பயின்ற காலத்தில் ராமகிருஷ்ண மடத்தின்பால் ஈர்க்கப்பட்டுத் துறவு மேற்கொள்ள விரும்பினார். தாய் இசையவில்லை. மடத்தின் மருத்துவமனைகளில் தொண்டு செய்யவேண்டுமானால் மருத்துவம் படித்திருப்பது நல்லது என்ற எண்ணம் அவரைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்றது. நண்பர்களின் உதவியும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியின் உதவியும் அவரைப் படிக்கவைத்தன. 1919-இல் அவருடைய மகள் சேஷகிரியை மணந்தார்.

காந்தியடிகளின் அழைப்பு நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. சுப்பாராவ் கதராடை உடுத்து அறுவைசிகிச்சை வகுப்புக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதியிருந்தும் முழு மருத்துவப் பட்டம் கிடைக்காமல், அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிடைத்தது. மாகாண மருத்துவப் பணியில் சேர முயன்றார், கதவு திறக்கவில்லை. இறுதியில் சென்னையில் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் விரிவுரையாளரானார். நாட்டு மருந்துகளில் புதைந்திருக்கும் அறிவை இக்கால அறிவியலின் உரைகல்லில் உரைத்துப் பார்க்கவேண்டும் என்ற வேட்கை அங்கேதான் அவருக்கு உண்டாயிற்று.

அந்த ஆண்டுகளில்தான் ஸ்ப்ரூ என்னும் நோய் அவருடைய குடும்பத்தில் புகுந்தது. தின்ற உணவு உடலில் சேராமல் வயிற்றுப்போக்காக வெளியேறி, குருதி வற்றி, மனிதர் உருகிப்போகும் வெப்பமண்டல நோய் அது. சில நாள் இடைவெளியில் அவருடைய உடன்பிறந்தோர் இருவரை அது கொண்டுபோயிற்று. அவரையும் பற்றியது, லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தால் அவர் பிழைத்தார். அந்நோய்க்கு ஏன் மருந்து இல்லை என்ற கேள்வி அன்றுமுதல் அவரை விடவில்லை.

1920களின் தொடக்கத்தில், மாமனாரின் பணத்தோடும் காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியோடும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் மனைவியிடம் விடைபெற்றார். அவர் புறப்பட்டபின் பிறந்த மகன் கைக்குழந்தையாகவே இறந்துபோனான். தந்தை அந்த முகத்தைப் பார்க்கவில்லை. மனைவியையும் அதன்பிறகு பார்க்கவேயில்லை.

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பகலில் படிப்பு; இரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவும் கூலி வேலை. பின்னர் சைரஸ் ஃபிஸ்க் என்ற உயிர்வேதியியல் பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். உடல் திரவங்களிலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரஸின் அளவைக் காண இருவரும் 1925-இல் வெளியிட்ட முறை, ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரிலேயே உயிர்வேதியியல் மாணவர்களுக்கு இன்றும் கற்பிக்கப்படுகிறது. அதே வழியில் சென்று, தசை இயங்க உதவும் பாஸ்போகிரியேட்டினை 1927-இல் கண்டறிந்தனர். உயிர்களின் ஆற்றல் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி. என்னும் பொருளை 1929-இல் அவர்கள் தனித்தெடுத்தபோது, ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியே அதை அடைந்திருந்தார். 1930-இல் சுப்பாராவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது.

இத்தனைக்குப் பிறகும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பேராசிரியர் பணியைத் தரவில்லை. தம் பங்கை முன்னிறுத்திப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. கூட்டு ஆய்வின் பெருமையை ஃபிஸ்க்குக்கே விட்டுக்கொடுத்தார். அதே ஆய்வகத்தில் பயின்று, 1988-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவின் கண்டுபிடிப்புகளுள் சில ஃபிஸ்க்கின் பொறாமையால் வெளிவராமற்போயின என்று பின்னாளில் பதிவுசெய்தார். அறிவுக்கும் அங்கீகாரத்துக்கும் இடையே சந்தை எப்போதும் நேர்க்கோடு போடுவதில்லை.

1940-இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லே மருந்து நிறுவன ஆய்வகத்தில் சேர்ந்து, விரைவில் ஆய்வுப் பிரிவின் தலைவரானார். பல்கலைக்கழகம் தராத ஆள்பலமும் கருவிகளும் அங்கே கிடைத்தன. ஸ்ப்ரூ பற்றிய பழைய கேள்வியை அவர் மீண்டும் கையிலெடுத்தார்.

அக்கேள்விக்கான திறவுகோல் இந்தியாவிலேயே ஏற்கெனவே தென்பட்டிருந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலைசெய்த ஏழைக் கர்ப்பிணிகளின் கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு சத்து அதைக் குணமாக்குவதை 1931-இல் வெளியிட்டார். அந்தச் சத்தைப் பிரித்தெடுப்பது பெரும்பாடாக இருந்தது. 1941-இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து சிறிதளவே திரட்டி, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். சுப்பாராவின் குழு அதன் அமைப்பை அறிந்து, 1945-இல் ஆய்வகத்திலேயே செய்து காட்டியது. கீரையை டன் கணக்கில் அரைக்கவேண்டிய தேவை அன்றோடு ஒழிந்தது. ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தசோகைக்கு அது நல்ல பலன் தந்தது.

அடுத்த திருப்பம் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நேர்ந்தது. இரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப்பார்த்த சிட்னி ஃபார்பர், அவை நோயை விரைவுபடுத்துவதாகக் கருதினார். ஊட்டம் தந்தால் நோய் வளருமெனில் ஊட்டத்தைத் தடுத்தால் நோய் தளருமல்லவா? ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, உயிரணுவை ஏமாற்றி, அதன் வேலையை நிறுத்திவிடும் போலிச் சேர்மங்களைச் சுப்பாராவின் வேதியியலாளர்கள் செய்து அனுப்பினர். பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காத சாவிகள் அவை. அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். சற்றே மாறுபட்ட மற்றொன்று மெதோட்ரெக்சேட். அமினோப்டெரின் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்டார். இரத்தப் புற்றுநோயை மருந்தால் பின்வாங்கச் செய்யலாம் என்று உலகம் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

அதே ஆய்வகத்தின் வேறு வாயில்களிலிருந்தும் மருந்துகள் வந்தன. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரை 1947-இல் வெளிவந்தது. தமிழகத்தில் அந்நோய் பரவியிருந்த மாவட்டங்களில் வீடு வீடாகச் சென்று நம் சுகாதாரப் பணியாளர்கள் விழுங்கவைத்தது அதைத்தான். எழுபது வயதைக் கடந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கரை வைத்து மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளில் முதலாவது. வெப்பமண்டல ஸ்ப்ரூவுக்கு இன்று தரப்படும் சிகிச்சை டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும் ஆகும். தம் உடன்பிறந்தோரைக் கொன்ற நோய்க்கு வேண்டிய இரண்டு மருந்துகளுக்குமே வழி அவருடைய கூரையின்கீழ்த் திறந்தது. அந்த இரண்டும் சேர்ந்து ஒரு மருந்துச்சீட்டில் எழுதப்படுவதைப் பார்க்க அவர் இல்லை.

1948 ஆகஸ்டில், 53 வயதில், உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். கால் நூற்றாண்டு வாழ்ந்த நாட்டின் குடியுரிமையை அவர் கடைசிவரை பெறவில்லை. விடுதலை பெற்ற தாய்நாட்டையும் பார்க்கவில்லை. பூஞ்சை ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நூற்றாண்டை ஒட்டி 1995-இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

தோலின் கதை அவர் மறைவுக்குப் பின்னரே தொடங்குகிறது. 1951-இல் ரிச்சர்ட் குப்னர் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, மூட்டழற்சிக்கு அமினோப்டெரின் கொடுத்தபோது, அந்நோயாளிகளுள் சொரியாசிஸ் இருந்தவர்களின் தோல் தெளிவடைவதைக் கண்டது. புற்றுநோய்க்கென்று செய்த மருந்து, மிகச் சிறிய அளவில் அழற்சியைத் தணிக்கும் என்பது யாரும் எதிர்பாராத செய்தி. பக்கவிளைவு குறைந்த மெதோட்ரெக்சேட் விரைவில் அதன் இடத்தைப் பிடித்தது. நாள்தோறும் கொடுப்பதைவிட வாரம் ஒருமுறை கொடுத்தால் பலன் குன்றாமல் தீங்கு குறையும் என்பது 1970களின் தொடக்கத்திற்குள் தெளிவாயிற்று. இன்று அது மூட்டழற்சிக்கும் அடிப்படை மருந்து. இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இக்கதையில் நான் காணும் பாடம் ஒன்று உண்டு. ஆய்வுக்குச் செலவிடும் பணத்தின் பலனை முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டுமாறு நிதி தருவோர் கேட்பது இக்காலத்து வழக்கம். வயிற்று நோய்க்கு விடை தேடியவர் இரத்தசோகைக்கு மருந்து கண்டார். அதைத் தலைகீழாக்கியபோது புற்றுநோய் பணிந்தது. அதன் சிறிய அளவு தோலின் நெருப்பை அணைத்தது. எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்தச் சங்கிலியை எழுதியிருக்க முடியாது. அதன் ஒரு கண்ணி பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்களின் குருதியில் இருக்கிறது. இன்று முக்கூடலிலும் வீரவநல்லூரிலும் பீடி சுற்றும் கர்ப்பிணி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பெறும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் கலந்திருக்கிறதே, அது மற்றொரு கண்ணி. காப்புரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டதால் என் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையின் விலையும் சில ரூபாய்தான்.

மலிவு என்பதால் அது எளிய மருந்து ஆகிவிடாது. எனக்கு அறிமுகமான முதியவர் ஒருவருக்கு இதே மாத்திரை எழுதித் தரப்பட்டது. வாரம் ஒருமுறை என்பது சீட்டில் ஆங்கிலச் சுருக்கெழுத்தாக இருந்தது. கடையில் அதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. பிற மாத்திரைகளைப் போலவே அவர் தினமும் விழுங்கினார். ஒரு வாரம் கடந்ததும் வாயெல்லாம் புண், சோறு இறங்கவில்லை. குருதி அணுக்கள் அபாயகரமாகக் குறைந்திருந்தன. மருத்துவமனையில் அவருக்கு ஏற்றப்பட்ட மாற்று மருந்தும் ஃபோலிக் அமிலத்தின் ஒரு வடிவமே. அவர் பிழைத்தார், இதே தவற்றால் பிழைக்காதவர்கள் உலகெங்கும் உண்டு. இரண்டு மாத்திரைகளும் மஞ்சளாக இருப்பதால் ஒன்றை மற்றொன்றென்று எண்ணி விழுங்கும் தவறும் நேர்வதுண்டு.

இத்தவற்றைத் தடுக்கப் புதிய ஆய்வு எதுவும் வேண்டா. எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலும் உறையிலும் தமிழில் எழுதினால் போதும். கடைக்காரர் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் போதும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க எண்ணுவோரும் இதைத் தொடக்கூடாது, மது ஆகாது, குருதிப் பரிசோதனையையும் கல்லீரல் பரிசோதனையையும் தவறவிடலாகாது. வெயிலிலும் கவனம் வேண்டும்: அண்மையில் வெயிலில் கருகிய தோல் இம்மருந்து உள்ளே சென்றதும் மீண்டும் கனன்று சிவப்பதுண்டு. சித்தரை நாடுவோர் நாடட்டும். ஆனால் எந்த மருந்தை உண்கிறோம் என்பதை இரு தரப்பு மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆயுர்வேதத்தால் உயிர்பிழைத்து அறிவியலுக்கு உழைத்த சுப்பாராவுக்கு இவ்விரண்டும் பகையாகத் தோன்றியதில்லை.

இப்போது குறுக்குத்துறையில் சட்டையைக் கழற்றிவிட்டே குளிக்கிறேன். படைகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மங்கிய தழும்புகள் உண்டு. மருந்து தோலைத்தான் ஆற்றும். அருகில் நிற்பவரின் அச்சத்தை ஆற்றும் மாத்திரையை எந்த ஆய்வகமும் செய்யவில்லை. சென்ற மாதம் சட்டையோடு நீரில் இறங்கிய இளைஞர் ஒருவரிடம் என் முழங்கையைக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மருத்துவர் பெயரைக் கேட்டார். சொன்னேன்; கூடவே வாரம் ஒருமுறை மட்டுமே என்பதையும் இரண்டு தடவை சொன்னேன்.